பூதத்துக்குக் கால் வலித்த நாள்

எந்தக் கதையில் மந்திரவாதி வந்தாலும் அக்கா முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

“அவனுக்கு எத்தினி கை?”

கதை கேட்கிற குழந்தை கொஞ்சம் யோசிக்கும். பத்து என்று சொல்லிப் பார்க்கும். நூறு என்று சொல்லிப் பார்க்கும். அக்கா விட மாட்டார்.

“மந்திரவாதி மனுசன்தானே? உனக்கு எத்தினி? எனக்கு எத்தினி? அவனுக்கும் அவ்ளோதான். ரெண்டு கைய வச்சிக்கினு ஒரு மலையத் தூக்கி இன்னொரு மலை மேல வைக்க முடியுமா?”

“முடியாது.”

“அப்ப யாரு தூக்கி வச்சது?”

“பூதம்!”

“ஆங். அதான் பாரு. வேலையெல்லாம் பூதம் பண்ணுது, பேரு மட்டும் மந்திரவாதிக்கு.”

பாப்பா, பெரியவனே, இதைப் படிக்கப்போகிற மற்ற பிள்ளைகளே! போன வாரம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டையால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பெரியவன் செல்போனில் ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். கொம்பு வைத்த ஒரு ராஜா. அவனைச் சுற்றிச் சங்கிலி கட்டிய அடிமை வீரர்கள். பாப்பா எட்டிப் பார்த்துக் கேட்டாள்: “இவ்ளோ பேர் இருக்காங்க, அவன் ஒருத்தன்தானே? ஏன் எல்லாரும் சேந்து அவனை அடிக்கல?” பெரியவன் சொன்னான்: “ஐய, உனக்குத் தெரியாது. ராஜாவைக்கூட ஈசியா அடிச்சிரலாம். இவனுங்களத்தான் அடிக்க முடியாது. இவனுங்களுக்குத்தான் பவர் ஜாஸ்தி.” “அடிமைக்கு எப்படி பவர் வரும்?” என்று பாப்பா விடவில்லை. கடைசியில் இரண்டு பேரும் என்னிடம் வந்தீர்கள்.

நான் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒருவருடன் நான் சில வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அவரைப் பற்றிச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

ஆட்டோ ஓட்ட வருவதற்கு முன்னால் நான் விழுப்புரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் இருந்தேன். பாப்பா அப்போது தொட்டிலில். கடையில் முதல் மாடி முழுக்கக் கல்யாண ஜவுளி. ஒரு பக்கம் பட்டுப் புடவை, எதிர்ப்பக்கம் பட்டு வேட்டி. வேட்டியில் நான், புடவையில் நான் சொல்லவந்த அக்கா. அவருக்கு நாற்பது வயது இருக்கும். கடையில் அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போதும் அவர் வேலையில் இருப்பதால் பெயர் வேண்டாம்.

கல்யாணப் புடவை எடுப்பது லேசான காரியமில்லை. காலையில் வேன் பிடித்து வருகிற குடும்பம் சாயங்காலம்தான் போகும். பெரியவர்கள் நிறம் பார்ப்பார்கள், ஜரிகை பார்ப்பார்கள், வேண்டாம் என்பார்கள், வேண்டாம் என்றதையே திரும்பக் கேட்பார்கள். கூட வந்த பிள்ளைகள் பாவம். கொஞ்ச நேரம் மெத்தையில் புரளும். அப்புறம் அழ ஆரம்பிக்கும். பிள்ளை அழுதால் அம்மா எழுந்துவிடுவார், அம்மா எழுந்தால் வியாபாரம் போய்விடும். அதனால் எங்கள் மாடியில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை சிணுங்க ஆரம்பித்ததும் யாராவது ஒருவர், “அக்கா, மைக் செட் போடுங்க” என்று குரல் கொடுப்பார்கள். அக்கா கதையை ஆரம்பிப்பார். கை புடவையை விரிக்கும், மடிக்கும். வாய் பூதத்தை மலையேற்றும். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது.

அக்காவின் மந்திரவாதி மற்ற கதைகளில் வருகிற மாதிரி இருக்க மாட்டான். ஒல்லியாக இருப்பான். எப்போதும் ஜலதோஷம். விடிந்தால் சுடுதண்ணீர் வேண்டும். அவனால் அடுப்புகூடப் பற்றவைக்க முடியாது. பனைமரம் உயரத்துக்கு நிற்கிற பூதம்தான் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வரும். அவன் உயிர் ஏழு கடல் தாண்டி, ஒரு குகையில், கூண்டுக்குள் இருக்கிற கிளியிடம் இருக்கும். இதுவரைக்கும் உங்களுக்கும் தெரியும். அக்கா இங்கேதான் நிறுத்துவார்.

“அந்தக் கிளிக்கு தெனம் யாரு பழம் வைக்கிறது?”

எந்தக் கதை சொன்னவரும் இதைச் சொன்னதில்லை. பிள்ளைகள் முழிக்கும். அப்புறம் ஒன்று மெல்லச் சொல்லும்: “பூதமா?”

“பின்ன? ஏழு கடல் தாண்டி இவனா போவான், சளியை வச்சிக்கினு?”

“அப்ப பூதம் கிளி கழுத்தத் திருகிட்டு ஓடிப்போலாம்ல?”

“போலாம்.”

“ஏன் போகல?”

அக்கா புடவையை உதறுவார். “அத்த யோசி கண்ணு. அம்மா, இந்த மாம்பழக் கலரப் பாருங்க, பொண்ணுக்கு எடுப்பா இருக்கும்.”

அந்தப் பதிலை ஒருநாள் எனக்குச் சொன்னார்.

அக்காவுக்கு ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமம். தினமும் ஒலக்கூரில் பாசஞ்சர் ரயில் ஏறுவார். நான் திண்டிவனத்தில் ஏறுவேன். ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் இருக்கையில் இரண்டு காலையும் நீட்டிவிடுவார். கெண்டைக்காலில் நரம்பெல்லாம் சுருண்டு பச்சையாகத் தெரியும். யாராவது முறைத்தால், “இன்னும் கொஞ்ச நேரந்தாங்க. எறங்கினா நாள் பூரா நிக்கணும், இப்பவே நீட்டிக்கினு போறேன்” என்பார். முறைத்தவர் தள்ளி உட்கார்ந்துகொள்வார்.

அவர் சொன்னது உண்மை. எங்கள் கடையில் யாரும் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் உட்கார வெள்ளை விரிப்பு போட்ட மெத்தை இருந்தது. மெத்தைக்கு அந்தப் பக்கம் நீள மேசை, மேசைக்குப் பின்னால் நாங்கள், காலையிலிருந்து கடை சாத்துகிற வரை நின்றபடி. சுவரில் சாயவும் கூடாது. சாய்ந்தால் கேமராவில் தெரியும். கேமரா முதலாளியின் செல்போனுக்குள் போகிறது என்பார்கள். முதலாளியை எங்களில் முக்கால்வாசிப் பேர் பார்த்ததே இல்லை. அவர் சென்னையில் இருந்தார்.

நாங்கள் பார்த்ததெல்லாம் மேனேஜரைத்தான். நெட்டையான ஆள். அவர் வருகிற சத்தம் கேட்டாலே முதுகு தானாக நிமிரும். முதலாளியின் அழைப்புக்கு மட்டும் அவர் போனில் கோயில் மணிச் சத்தம் வைத்திருந்தார். அந்த மணி அடித்தால் மாடியில் அத்தனை பேரும் நிமிர்ந்து நிற்போம். ஒருமுறை தெருவில் நிஜமாகவே சாமி ஊர்வலம் போய் மணி அடித்தபோதுகூட நிமிர்ந்தோம்.

ஒருநாள் ரயிலில் நான் பொருமினேன். “அந்தாளு பிசாசுக்கா. சட்டை செக்‌ஷன் பொண்ணு சும்மா சுவத்துல கை வச்சதுக்கு அப்படித் திட்டறான். மொதலாளிகூட அப்படித் திட்டியிருக்க மாட்டாரு.”

அக்கா மல்லாட்டை உரித்து வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். “பிசாசு இல்ல தம்பி. பூதம்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“எப்படி ஒண்ணாவும்? பூதம் யாரோ ஒருத்தனுக்கு பயந்துக்கினு வேலை செய்யுது. பயந்தவன் அடிச்சா பலமா விழும், பாத்துக்கோ. மொதலாளி அடிச்சா கை வலிக்குதுன்னு நிறுத்திருவான். இவன் நிறுத்த மாட்டான். நிறுத்தினா அவனுக்கு விழுமே. அவன் பயம் அவனுக்கு ஒரு பலம். அவனைப் பாத்து நாம பயப்படறோம் பாரு, அது இன்னொரு பலம். ரெண்டையும் எடுத்துட்டுப் பாரு. இன்னா மிச்சம்? ஒரு நெட்ட ஆளு, கால் வலியோட.”

“அவருக்கா கால் வலி?”

“நீ பாத்ததில்லையா? சாப்பாட்டு நேரத்துல குடோன் படிக்கட்டுல ஷூவக் கழட்டி வச்சிட்டு பாதத்த அமுக்கிக்கினு இருப்பாரு. அவருக்குன்னு நாற்காலி கீதே, அதுல என்னிக்காச்சும் குந்தி இருக்காரா? அதுக்கு நேரா மேல கேமரா.”

அதற்குப் பிறகு நான் கவனித்தேன். அந்த நாற்காலி புதிது மாதிரியே இருந்தது.

அக்காவுக்குப் பயமே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். தேள் என்றால் அலறுவார். ரயில் பாலத்தின் மேல் போகும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் யார் யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். சில நேரம் அது எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கும். நம்மைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தேடுகிற மாதிரி ஒரு பார்வை.

கடை முடிந்து வெளியே வரும்போது வாட்ச்மேன் எங்கள் பையைத் திறந்து பார்ப்பார். பெண்கள் கூசிப்போய் நிற்பார்கள். அக்கா மட்டும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டுவார். “நல்லாப் பாருண்ணே. அடியில ஒட்டிக்கினு இருக்கு பாரு கேப்பைக் களி, அதுக்குள்ள ஒரு பட்டுப் பொடவை வச்சிருக்கேன்.” வாட்ச்மேன் சிரித்துவிடுவார். பிறகு அக்கா கேட்பார்: “உன் பையை யாருண்ணே பாக்கறது?” “கணக்குப்புள்ளதாம்மா.” “அவரு பையை?” வாட்ச்மேன் மேலே கையைக் காட்டுவார். “மேல யாரு, கடவுளா?” “மேனேஜரும்மா.” “அப்ப அவரு பையை?” வாட்ச்மேன் தூக்கை மூடிக் கையில் கொடுப்பார். “ஜல்தி போம்மா, வண்டி போயிரும்” என்பார்.

இனி ஸ்டூல் கதைக்கு வருகிறேன்.

கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டமே வந்தது. எங்கள் கடைக்கும் ஒரு மினி லாரியில் ஸ்டூல்கள் வந்து இறங்கின. சிவப்பு மெத்தை வைத்த உயரமான ஸ்டூல். மேசைக்கு ஒன்றாக எங்கள் பின்னால் வைத்தார்கள். வைத்ததும் மேனேஜர் போட்டோ எடுத்துக்கொண்டார். எடுத்து முடித்துவிட்டுச் சொன்னார்: “உக்காரலாம். யாரும் வேணாம்னு சொல்லல. பாத்து.”

அந்த “பாத்து” என்பதில்தான் எல்லாம் இருந்தது.

சட்டைப் பிரிவில் ஒரு பையன், புதிதாகச் சேர்ந்தவன், அன்று மத்தியானமே உட்கார்ந்து பார்த்தான். கோயில் மணி அடித்தது. மேனேஜர் போனைக் காதில் வைத்தபடியே ஓடிவந்தார். மறுநாளிலிருந்து அந்தப் பையன் குடோனில் மூட்டை பிரித்தான். அவ்வளவுதான். யாரும் எதுவும் எழுதி ஒட்டவில்லை, உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஸ்டூல்களுக்குச் சுற்றியிருந்த பாலிதீன் உறை பிரிபடவே இல்லை. வாரத்துக்கு ஒருமுறை நாங்களே துணியால் அதன் மேல் தூசி தட்டினோம். உட்காருவதற்கு வந்த பொருளுக்குக் காவல் நின்றோம்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்குப் பக்கத்து மேசையில் சுமதி என்று ஒரு பெண் இருந்தாள். வயிற்றில் ஏழு மாதம். பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. வெறுங்காலோடு நிற்பாள். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர், நிற்கவே கூடாது, குழந்தைக்கு ஆகாது என்று கண்டித்திருந்தார். சுமதி மேனேஜரிடம் போய்க் கேட்டாள். “முடியலன்னா வீட்டுக்குப் போம்மா. உன் எடத்துக்கு வேற ஆள் பாத்துக்கறோம்” என்றார். அவள் புருஷன் விபத்தில் கை உடைந்து வீட்டில் இருந்தான். அவள் வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. நின்றால் பிள்ளைக்கு ஆபத்து, உட்கார்ந்தால் வேலைக்கு ஆபத்து. திரும்பி வந்து மறுபடி நின்றாள்.

“நீ குந்து. நான் பாத்துக்கறேன்” என்றாள் சுமதிக்கு அந்தப் பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெண்.

“பயமா இருக்குதுக்கா” என்றாள் சுமதி, அக்காவைப் பார்த்து.

அக்கா தலையாட்டினார். “பயப்படறது சரிதான். நீ ஒருத்தி குந்தினா உன்னைத் தூக்கிருவாங்க. அந்தப் பையனத் தூக்கின மாதிரி. இரு.”

எதற்கு இருக்கச் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது.

முகூர்த்த மாதம். வானூர் பக்கத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் வந்திருந்தது. கல்யாணப் பெண், அவள் அம்மா, அத்தை, சித்தி, கூட ஒரு பட்டாளம் பிள்ளைகள். மாப்பிள்ளை வீட்டார் என் பக்கம் வேட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள். “அக்கா, மைக் செட்” என்றார் யாரோ.

அக்கா ஆரம்பித்தார். எத்தனை கை, யார் மலை தூக்கினது, யார் கிளிக்குப் பழம் வைத்தது, எல்லாம் வந்தது. பிள்ளைகள் மேசையைப் பிடித்துக்கொண்டு எம்பி நின்றன. அழுத பெண்தான் கேட்டாள்: “பூதம் ஏன் ஓடிப்போகல?”

அன்று அக்கா புடவையை உதறவில்லை. “பயம்” என்றார்.

“பூதத்துக்கா பயம்?”

“பூதத்துக்குத்தான் பயம் ஜாஸ்தி. ஒரு பூதமில்ல, அங்க பூதமா நின்னுக்கினு இருந்துச்சிங்க. ஒண்ணைப் பாத்து ஒண்ணுக்கு பயம். நாம உக்காந்தா பக்கத்துப் பூதம் போய்ச் சொல்லிருமோன்னு. பக்கத்துப் பூதத்துக்கும் அதே பயம்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒருநாள் பூதத்துக்கு ரொம்பக் கால் வலிச்சுது.”

“அப்புறம்?”

விலைச்சீட்டு நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி அக்காவின் கையில் இருந்தது. திரும்பினார். தன் ஸ்டூலின் பாலிதீனில் கத்தரியை வைத்து மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பு. சர்ர்ரென்று அந்தச் சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள்.

“அப்புறம் பூதம் குந்திக்கினுச்சு” என்று சொல்லிக்கொண்டே அக்கா உட்கார்ந்தார்.

பிள்ளைகள் கைதட்டின. அக்கா கத்தரியைச் சுமதியிடம் நீட்டினார். சுமதி வாங்கவில்லை. கேமராவைப் பார்த்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

அழுத பெண் சுமதியைக் கையால் காட்டினாள். “நீதான் ரெண்டாவது பூதமா?”

சுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கத்தரியை வாங்கினாள். சர்ர்ர்.

அப்புறம் பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு மேசையாக ஓடின. “நீ மூணாவது பூதம், குந்து!” “மீசை பூதம், நீயும் குந்து!” ஒன்று என் பக்கம் ஓடிவந்து, “டேய், இங்க ஒரு வேட்டி பூதம் நின்னுக்கினு இருக்கு!” என்று கத்தியது. மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டுச் சிரித்தார்கள். நான் பல்லால் பாலிதீனைக் கடித்துக் கிழித்தேன். உட்கார்ந்தேன். நாளெல்லாம் நின்றபோது நடுங்காத கால் உட்கார்ந்த பிறகு நடுங்கியது. எதிரே பார்த்தால் அக்காவின் காலும் ஆடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை.

கோயில் மணி அடித்தது.

மேனேஜர் படியேறி ஓடிவந்தார். போன் கையில் அடித்துக்கொண்டே இருந்தது. நடு மாடியில் வந்து நின்று நாலாபக்கமும் பார்த்தார். “என்னம்மா இதெல்லாம்? எழுந்திருங்க. எல்லாரும் எழுந்திருங்க!”

“கதை சொல்லிக்கினு இருக்கேன் சார்” என்றார் அக்கா.

“யாரு இது?” என்று ஒரு பையன் கேட்டான்.

“இதுதான் பெரிய பூதம் போல இருக்கு” என்றான் இன்னொருவன்.

மேனேஜர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. மணி நின்றது. உடனே மறுபடி அடித்தது.

“எடுங்க சார்” என்றார் அக்கா.

“நீங்க எழுந்திருச்சாத்தான் நான் எடுக்க முடியும்!”

“அப்ப அடிச்சிக்கினே இருக்கட்டும்.”

கல்யாணப் பெண்ணின் அத்தை மெத்தையில் இருந்தபடியே குரல் கொடுத்தார். “இன்னாங்க இது பேஜாரு? உக்காந்துக்கினு காட்டினா பொடவை சாயம் போயிருமா? அந்தப் பொண்ணு வயித்தத் தூக்கிக்கினு நிக்குது, பாக்கற எங்களுக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. அவங்க குந்தட்டும். இல்லன்னா சொல்லுங்க, நாங்க வேற கடைக்குப் போறோம்.”

அக்கா குரலை உயர்த்தவில்லை. மேனேஜருக்கு மட்டும் சொல்வது போலச் சொன்னார், மாடியே அடங்கியிருந்ததால் எதிர்ப்பக்கம் இருந்த எனக்கும் கேட்டது. “சார், அவரு மெட்ராஸ்ல இருக்காரு. அங்கருந்து கைய நீட்டி எங்க யாரையும் எழுப்ப முடியாது. உங்க கைதான் வேணும். நீங்க எழுப்பினா நாங்க எழுந்துக்கறோம். ஆனா ஒவ்வொருத்தரையா நீங்கதான் வந்து எழுப்பணும். மொதல்ல அந்தப் பொண்ண எழுப்புங்க.”

மேனேஜர் சுமதியைப் பார்த்தார். முகத்தை அல்ல, பாதத்தை. அப்பம் மாதிரி உப்பிப்போன அந்த வெறும் பாதம் ஸ்டூலின் கம்பியில் இருந்தது. அவர் அதைப் பார்த்த பார்வையில் எனக்கு அக்கா சொன்ன குடோன் படிக்கட்டு ஞாபகம் வந்தது.

போனை எடுத்தார்.

“சார்... ஆமா சார்... இங்கதான் நிக்கறேன் சார்.” எங்களுக்கு மறுமுனை கேட்கவில்லை, சத்தம் மட்டும் தேனீ மாதிரி கேட்டது. “வியாபாரம் நடக்குது சார். பெரிய பார்ட்டி சார். முகூர்த்தப் பொடவை.” அவர் கழுத்து வியர்வையில் மின்னியது. “ஆமா சார். உக்காந்துக்கினுதான் இருக்காங்க.” மறுபடி தேனீ. “இல்ல சார். இப்ப எழுப்ப முடியாது சார்.”

போனைப் பைக்குள் வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் கீழே போனார்.

அந்தக் குடும்பம் அன்று அள்ளிக்கொண்டு போனது. நாங்கள் அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்தே காட்டினோம்.

பெரியவனே, உன் விளையாட்டில் அந்தச் சங்கிலி வீரர்களுக்கு ஏன் பவர் ஜாஸ்தி என்று இப்போது தெரிகிறதா? அவர்கள் நம்மை அடிப்பது வீரத்தால் இல்லை. பின்னால் நிற்கிறவனை நினைத்து அடிக்கிறார்கள். அது சாதாரண பலமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடன் வாங்கிய பலம். கொடுத்தவன் கொம்பு ராஜாவும் இல்லை. அவர்களேதான் தங்கள் பயத்தை அவனுக்குக் கொடுத்து, அதையே பலமாக அவனிடம் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். பாப்பா, நீ கேட்டது சரியான கேள்வி. யார் பரிகசித்தாலும் அதை விடாதே.

மறுநாள் காலையில் அக்காவை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். நாங்கள் எல்லோரும் ஸ்டூலில் இருந்தபடியே படியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுமதிதான் அழுதுகொண்டிருந்தாள். தன்னால்தான் என்று அவளுக்கு நினைப்பு.

அக்கா திரும்பி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “மாத்திட்டாங்க” என்றார். “நாளையிலருந்து வேற கிளை.”

“எந்தக் கிளைக்கா?”

“திண்டிவனம்.”

சொல்லிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அழுகிறார் என்று நினைத்து நான் ஓடினேன். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். வாய் நிறையச் சிரிப்பு. “தம்பி, திண்டிவனம்டா! ஒலக்கூருக்குப் பக்கத்து ஊருடா! இனி பாசஞ்சர் வண்டி வேணாம். வீட்டுக்குப் போய் சுடச்சுடக் களி கிண்டித் தின்னலாம்.”

தண்டனை கொடுத்தவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. கீழே கல்லாவில் இருந்தவர் பிறகு எனக்குச் சொன்னார். முதலாளி போனில் கத்தினாராம்: “அந்தம்மாவ எங்கனா தூரமாத் தூக்கிப் போடு. தெனம் போய்வர நாக்கு தள்ளணும்.” மேனேஜர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “திண்டிவனம் போடட்டுங்களா சார்? இங்கருந்து தெனமும் பஸ்ல ஆடிக்கினு போவணும்” என்றாராம். “போடு” என்றாராம் முதலாளி. அவருக்குத் தன் கடையில் யார் எந்த ஊர் என்று எப்படித் தெரியும்? அவர் பார்ப்பதெல்லாம் எங்கள் உச்சந்தலையைத்தான்.

திண்டிவனம் கிளையிலும் ஸ்டூல்கள் உறையோடுதான் இருந்தனவாம். அக்கா போன முதல் நாளே ஒரு பிள்ளை அழுததாம். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். சுமதி வளைகாப்பு வரை உட்கார்ந்தே வேலை பார்த்தாள். பெண் குழந்தை, நல்ல எடை. விழுப்புரத்தில் அதற்கப்புறம் எங்களை யாரும் எழுப்பவில்லை. கிழிந்த பாலிதீனை எப்படித் திரும்ப ஒட்டுவது?

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. ஒலக்கூர் வண்டி தாமதமானபோதெல்லாம் அக்கா திட்டு வாங்கியது இந்த மேனேஜரிடம்தான். அக்காவின் ஊர் எது என்று கடையில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்த ஆள் அவர். ஒருநாள் மாடியில் கூட்டமில்லாத நேரம் பார்த்து அவரிடமே கேட்டேன்.

“சார், திண்டிவனம் அக்கா வீட்டுக்குப் பக்கம்னு உங்களுக்குத் தெரியாதா?”

அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“வேலையப் பாருப்பா” என்றார், தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஷூவைக் கழற்றியபடி.